படத்துக்கு முன்னால் வந்த வீடு

அழகேசன் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் அவசரப்பட்டுச் செய்தார். இரண்டாயிரத்து ஒன்றில் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கிய மறுவாரமே அச்சகத்துக்குப் போய், தன் பெயரையும் ‘கட்டட வரைபடம் தயாரிப்பவர், அரியலூர் மாவட்டம்’ என்பதையும் போட்டு ஆயிரம் தாள் லெட்டர்பேடு அடித்துக்கொண்டு வந்தார். அடுத்த வருஷமே அரியலூரைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் தாள் அப்படியே மிஞ்சியது. அதன் பின்பக்கத்தில் அவர் மனைவி மலர்கொடி மூன்று வருஷத்துக்கு மளிகைச் சாமான் பட்டியல் எழுதினாள். அன்றிலிருந்து எதையும் நன்றாக விசாரிக்காமல் செய்வதில்லை என்று அழகேசன் முடிவெடுத்தார்.

மலர்கொடியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். அவர் எப்போதுமே அப்படித்தான், லெட்டர்பேடு ஒரு சாக்கு. பெண் பார்க்க வந்த அன்றைக்கே பஜ்ஜி தின்று, காபி குடித்து, எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “யோசிச்சுச் சொல்றேங்க” என்றவர் அவர். மலர்கொடி கதவுக்குப் பின்னாலிருந்து, “அப்பா, எனக்குச் சம்மதம். தேதியக் குறிச்சுடுங்க” என்று சொன்னதால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. அவள் குன்னம் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். குழந்தை அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் ஊசியைப் போட்டுப் பஞ்சையும் வைத்து அழுத்திவிடுகிற கை.

அழகேசன் பிறந்தது குன்னத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில். அடுத்தவர் கொல்லையில் வேலை செய்து பிழைத்த குடும்பம். ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்துவிட்டுத் திருச்சியில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து முதல் மாசச் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அவர் அப்பா கண்ணையன் நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கோடு போடறதுக்கா இவ்வளவு தராங்க? ஏர் ஓட்டறப்ப நானும் கோடுதானடா போடறேன்” என்றார். பத்து வருஷம் அங்கே கோடு போட்டுவிட்டு, தொண்ணூற்றாறில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை ஒன்றின் மாடியில் சொந்தமாக அறை எடுத்தார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர்கள், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர்கள், வெங்காய வியாபாரிகள் என்று வீடு கட்டுகிறவர்கள் தேடி வந்தார்கள். அவருடைய கோடு நேராக இருக்கும், அளவு தப்பாது, பஞ்சாயத்து ஆபீஸில் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று பேர் இருந்தது.

இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு விசாரணை பதினான்கு மாதம். கடைசியில், மூடுவிழா கண்ட ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து ஒரு பென்டியம் த்ரீ மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார். கோடு போடுகிற வேலைக்கு அது போதும். ஒரு சத்தம் இல்லாமல் மூன்று வருஷம் ஓடியது.

இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் மாடிப்படி ஏறி வீரமுத்து வந்தார். குன்னத்தில் மக்காச்சோளமும் வெங்காயமும் மொத்தமாக வாங்கி விற்பவர். ஐம்பத்தைந்து வயது. பேசும்போது பாதி வாக்கியத்திலேயே அடுத்த வாக்கியம் ஆரம்பித்துவிடும். அவருடைய புதுவீட்டுக்கு அழகேசன் போட்டுக் கொடுத்த வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

“தம்பி, இந்தக் கோடெல்லாம் கொத்தனாருக்குப் புரியும், எனக்குப் புரியாது. திருச்சியில எம் மச்சினன் வூட்டுக்கு ஒரு இன்ஜினியரு கலர்ல படம் போட்டுக் குடுத்திருக்கான். போட்டோ புடிச்ச மாதிரி இருக்கு. வூடே இன்னும் கட்டல, ஆனா படத்துல வூடு இருக்கு! வாசல்ல காரு நிக்குது, தென்ன மரம் நிக்குது, நெழலுகூட விழுது. அது மாதிரி ஒண்ணு போடுங்க.”

“காரு வச்சிருக்கீங்களாண்ணே?”

“இல்ல. படத்துல நிக்கட்டும்.”

அழகேசனுக்கும் அந்த ஆசை வெகுநாளாக இருந்தது. அந்த மாதிரிப் படம் போடும் மென்பொருள் ஒரு சி.டி.யில் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்காத காலம் அது. ஒன்றரை மாதம் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார். சுவர் எழுப்பினார், ஜன்னல் வைத்தார், மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டினார், தென்னை மரம் நட்டார். ஒவ்வொரு தென்னைக்கும் மெஷின் ஒருமுறை மூச்சுப் பிடித்து நின்றது. மூன்றாவது தென்னையில் திரை அப்படியே உறைந்துபோக, அணைத்து மறுபடி போட வேண்டியதாயிற்று. வீரமுத்து கேட்டிருந்த ஐந்து தென்னையை இரண்டாகக் குறைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, படத்தை எடுக்கும் பொத்தானை அமுக்கினார். வெயில் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு, கண்ணாடியில் என்ன தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் மெஷின் தானே கணக்குப் போட்டு, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படத்தை வரையும். பத்தரை மணிக்கு வீரமுத்து ஆசையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கும் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்குத் திரையில் நீலமாகக் கொஞ்சம் வந்திருந்தது.

“இது என்ன தம்பி?”

“வானங்கண்ணே. அடுத்து வூடு வரும்.”

கைப்பிடிச்சுவரின் மேல்விளிம்பு எட்டிப் பார்த்த நேரத்தில் கரண்ட் போயிற்று. பேட்டரிப் பெட்டி பத்து நிமிஷம் கத்திவிட்டு அதுவும் ஓய்ந்தது. வீரமுத்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். “வானம் நம்மூர்லயே இருக்குதே தம்பி, அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஆனால் படத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. “நான் கடக்கால் போட ஆரம்பிச்சுடறேன். நீங்க மெதுவாக் குடுங்க” என்றார். மெதுவாக என்ற சொல்லை யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

மெஷினுக்குப் புது உயிர் கொடுப்பது என்று அழகேசன் தீர்மானித்தார். புதிதாக முழு மெஷின் வாங்கக் கட்டாது. பதினைந்தாயிரத்துக்குள் எதை மாற்றலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் கேள்வி. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு ‘விசாரணை’ என்று எழுதினார்.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அறிவரசன், “கிராபிக்ஸ் கார்டு போடுங்க சார், பறக்கும்” என்றான். திருச்சியில் ஒரு கடைக்காரர் மெமரியைக் கூட்டச் சொன்னார். இன்னொரு கடைக்காரர் அந்தக் கடைக்காரரை நம்ப வேண்டாம் என்றார். சிமெண்ட் ஆலை ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவர், பிராசசர் சின்னதாக இருந்தால் மற்றது எதைப் போட்டும் பயனில்லை என்றார். ரயிலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர், எல்லாவற்றுக்கும் காரணம் உள்ளே அடைந்த தூசி என்றார். அதையும் எழுதிக்கொண்டார். இதற்கெல்லாம் மேலாக ஒருவர் விடாமல் ஒன்று சொன்னார்கள்: “அடுத்த மாசம் வெல எறங்கும் சார்.” அழகேசனுக்கு அந்த வாக்கியம்தான் ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு மாதமும் விலை உண்மையாகவே கொஞ்சம் இறங்கியது. இறங்கியதைப் பார்த்ததும், இன்னும் இறங்கும் என்று அவருக்குத் தோன்றியது.

குன்னத்தில் வீரமுத்துவின் வீட்டுக்குக் கடக்கால் முடிந்து மண் நிரப்பினார்கள்.

நோட்டு நூறு பக்கத்தைத் தாண்டியபோது வேறொன்று நடந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த பூமாலை ஒருநாள் மேலே வந்தான். “அழகேசண்ணே, கல்யாண ஆல்பம் டிசைன் பண்றதுக்கு மெஷின் மாத்தணும். நீங்க எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கீங்களாமே?” என்றான்.

அழகேசன் நோட்டைப் பிரித்தார். உனக்குப் படம் பெரிது பெரிதாகத் திறக்கும், அதனால் மெமரி முதலில். பிராசசர் நடுத்தரம் போதும். ஹார்டு டிஸ்க் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு கல்யாணத்தில் நிரம்பிவிடும். மதர்போர்டு வாங்கும்போது, பின்னால் கார்டு போட இடம் இருக்கிறதா பார்த்து வாங்கு. கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பூமாலை அந்த வாரமே வாங்கிவிட்டான். மெஷின் பிரமாதமாக ஓடியது. அவன் ஸ்டுடியோவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அடுத்து பிரவுசிங் சென்டர்காரர் வந்தார். பத்திரம் எழுதுபவர் வந்தார். சிறுவாச்சூரிலிருந்து ஒரு வாத்தியார் மகளுக்கு வாங்க வேண்டும் என்று வந்தார். ஒவ்வொருவருக்கும் அழகேசன் கால் மணி நேரத்தில் தீர்ப்புச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் மாப்ள பாத்துக் குடுத்துட்டீங்க. நம்ம பொண்ணு மட்டும் இன்னும் அப்படியே உக்காந்திருக்கு” என்றாள் மலர்கொடி, பழைய மெஷினைத் துணியால் துடைத்தபடி.

“அவங்க வேல வேற, நம்ம வேல வேற மலரு.”

“ஆமா. அவங்க வேல நடக்குது.”

அழகேசன் நோட்டைப் புரட்டினார். அவருக்கும் அது உறுத்தாமல் இல்லை. மற்றவர்கள் விஷயத்தில் தப்பினால் ‘அடடா’ என்று போய்விடலாம். தன் காசு, தன் தொழில் என்று வரும்போது ஒவ்வொரு வழியிலும் ஒரு குழி தெரிந்தது. கோட்டை ஒருமுறை மையில் போட்டுவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று பழகிய கை அது. சுரண்டினால் தாளில் தழும்பு தெரியும்.

வீரமுத்துவின் வீடு ஜன்னல் மட்டத்தைத் தாண்டியது. மலர்கொடி தினமும் அந்த வழியாக பஸ்ஸில் போய்வந்ததால், வீட்டில் சாப்பாட்டு நேரத்துச் செய்தி அதுவாகவே இருந்தது. “இன்னிக்கு லிண்டல் போடறாங்க.” “இன்னிக்குச் சென்ட்ரிங் அடிக்கறாங்க.” கூரைக் கான்கிரீட்டும் இறுகி, சுவர்ப் பூச்சு முடிந்த அன்றைக்கு வீரமுத்துவே வழியில் அவளைப் பார்த்து, “நர்சம்மா, தம்பிகிட்ட சொல்லுங்க. அவசரமில்ல. படம் வரலன்னா வூட்டப் பாத்துப் படம் வரைஞ்சுக்கலாம்” என்று சொல்லி அனுப்பினார்.

அதுதான் அழகேசனைக் கிளப்பிவிட்டது. மறுநாளே திருச்சிக்குப் பஸ் ஏறினார். நோட்டில் அதிகம் பேர் சொல்லியிருந்தது கிராபிக்ஸ் கார்டு. ஆறு கடை ஏறி, மூன்று கார்டுகளை ஒப்பிட்டு, ரொம்ப மலிவும் இல்லாத ரொம்ப விலையும் இல்லாத நடுவில் உள்ளதை வாங்கினார். பஸ்ஸில் மடியில் வைத்து, பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததை நாலு தடவை படித்தார். நேராக மாடிக்குப் போய் மெஷினைத் திறந்து, கார்டைக் கையில் எடுத்துக் குனிந்து பார்த்தார்.

அந்தக் கார்டைச் செருகப் பழுப்பு நிறத்தில் ஒரு நீளமான துவாரம் இருக்க வேண்டும். போர்டில் வெள்ளை நிறத் துவாரம் மூன்று இருந்தது. பழுப்பு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், மெஷினைப் படுக்கவைத்துப் பார்த்தார். இல்லாத துவாரம் எப்படிப் பார்த்தாலும் இல்லைதான். பூமாலைக்கு ‘கார்டு போட இடம் இருக்கிறதா பார்த்து வாங்கு’ என்று எழுதிக் கொடுத்தவர், தன் மெஷினை மட்டும் ஒருதடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

போனில் திருச்சிக் கடைக்காரர் மரியாதையாகவே பேசினார். “சார், நீங்க என்கிட்ட எழுபது கேள்வி கேட்டீங்க. என்ன போர்டுன்னு நான் ஒரு கேள்விதான் கேட்டேன். ‘நல்ல போர்டு’ன்னு சொன்னீங்க.”

இரண்டு நாள் அழகேசன் சாப்பாட்டை ரசத்தோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மலர்கொடி புடவையை மாற்றிக்கொண்டு, “வாங்க, உங்க ரூமுக்குப் போவோம்” என்றாள். மெஷினுக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இது என்ன பண்ணுதுன்னு எனக்குக் காட்டுங்க.”

“உனக்குப் புரியாது மலரு.”

“புரிய வேணாம். என்கிட்ட வரவங்க எல்லாரும் இந்த மாத்திரை குடுங்க, அந்த மாத்திரை குடுங்கன்னுதான் கேப்பாங்க. நான் எங்க வலிக்குதுன்னு கேப்பேன். எப்ப வலிக்குது, என்ன பண்றப்ப வலிக்குதுன்னு கேப்பேன். அப்பறந்தான் மாத்திரை. நீங்க எட்டு மாசமா மாத்திரைய மட்டுந்தான் விசாரிச்சிருக்கீங்க. இதை ஒருநாளாவது படுக்கவச்சுப் பாத்தீங்களா?”

அழகேசன் வீரமுத்துவின் வீட்டைத் திரையில் திறந்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். கொஞ்சம் இழுத்தது, ஆனால் சுற்றியது. தென்னை மரத்தைச் சேர்த்ததும் நின்றுபோயிற்று. மலர்கொடி திரையைப் பார்க்கவில்லை, பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த செவப்பு லைட்டு ஏன் விடாம துடிக்குது?”

“அது ஹார்டு டிஸ்க். மெமரி பத்தலன்னா, சாமானையெல்லாம் டிஸ்க்குல கொண்டுபோய் வச்சிட்டு, வேணுங்கறப்ப போய் எடுத்துட்டு வரும்.”

“மேசையில எடமில்லாம, ஒவ்வொரு தடவையும் எழுந்துபோயி பீரோவத் தொறக்குது. அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“அப்ப மேசை பெருசா வேணும். எழுதுங்க.”

அடுத்துப் படம் எடுக்கும் பொத்தானை அமுக்கச் சொன்னாள். மெஷினின் நிலவரத்தைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்தார் அழகேசன். பிராசசரின் கோடு விர்ரென்று மேலே ஏறி, நூறைத் தொட்டு அங்கேயே நின்றது. பத்து நிமிஷம் பார்த்தார்கள். இறங்கவில்லை.

“இதுக்குத்தான் காய்ச்சல்” என்றாள் மலர்கொடி. “நீங்க வாங்கின கார்டு இந்தக் காய்ச்சலக் கொறைக்குமா?”

குறைக்காது. கார்டு போட்டால் திரையில் வீட்டைச் சுற்றிக் காட்டுவது சுலபமாகும், அவ்வளவுதான். வெயிலையும் நிழலையும் கணக்குப் போட்டுப் படத்தை எடுப்பது பிராசசரின் வேலை. அவர் வைத்திருந்த அந்த மென்பொருளில் அப்படித்தான். இது அவருக்குத் தெரியாததல்ல. சிமெண்ட் ஆலை ஆபீஸ்காரர் சொன்னது நோட்டின் அறுபத்தோராம் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு பதினேழு பேர் கார்டு, கார்டு என்று சொன்னதில் அது அடியில் போய்விட்டது.

பிராசசர் மாறினால் போர்டு மாற வேண்டும். போர்டு மாறினால் மெமரியும் வேறு ஜாதி. பழைய ஜாதி மெமரி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் புதுசைவிட விலை அதிகம். ஆகவே பழசுக்கு மெமரி வாங்கி ஒட்டுப்போடுவதும் வீண். எட்டு மாதம் அவிழாத முடிச்சு அரை மணி நேரத்தில் பிரிந்ததில் அழகேசனுக்குச் சந்தோஷமும் வெட்கமும் சரிபாதியாக வந்தது.

“நாளைக்குத் திருச்சி போயி விசாரிச்சு...” என்று ஆரம்பித்தார்.

“திருச்சியில உங்களப் பாத்தா ஷட்டர எறக்கிடறாங்களாம், பூமாலை சொன்னான். மெட்ராஸ் போவோம். நான் லீவு போடறேன்.”

புதன்கிழமை காலை ரயிலில் ஏறி மத்தியானம் எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் கடை, கடைக்குள் கடை, படிக்கட்டுக்கு அடியில் கடை. அழகேசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. முதல் கடையில், “இன்னும் எண்ணூறு ரூபா போட்டா அடுத்த மாடல் பிராசசரே வந்துடும் சார்” என்றார்கள். இரண்டாவது கடையில், அந்த எண்ணூறோடு இன்னும் ஆயிரம் போட்டால் அதற்கும் அடுத்தது. மூன்றாவது கடையில், “அடுத்த மாசம் புது போர்டு வருது” என்றார்கள். அழகேசனின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை மலர்கொடி பார்த்துவிட்டாள்.

தெருமுனையில் கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தான் ஒருவன். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போய் இரண்டு டம்ளர் வாங்கினாள். “இந்த ஜூஸ் தீர்றதுக்குள்ள எந்தக் கடை, எந்தச் சாமான்னு முடிவு பண்றீங்க. தீந்ததும் போயி வாங்கறோம்.”

தன் டம்ளரை அவள் நின்றவாக்கில் குடித்துமுடித்தாள். அழகேசன் நாக்கு நுனியில் தொட்டுத் தொட்டுக் குடித்தார். கால் டம்ளர் குறைவதற்குள் கால் மணி நேரம் ஆகியிருந்தது. எறும்பு விழுந்திருக்கிறதா என்று வேறு உற்றுப் பார்த்தார். மலர்கொடி கையை நீட்டி அவருடைய டம்ளரை வாங்கி, அதையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டிக்காரனிடம் நீட்டினாள்.

“தீந்துபோச்சு.”

அழகேசன் ஒரு நிமிஷம் காலி டம்ளரையே பார்த்தார். பிறகு திரும்பி விடுவிடுவென்று முதல் கடைக்குள் நுழைந்தார். அங்கே அவர் பேசியதைக் கேட்க மலர்கொடிக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரிய பிராசசர் வேண்டாம், ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் மிச்சமாவதற்காக ஒன்றரை மடங்கு விலை கொடுக்க முடியாது. நடுத்தரத்தில் அதைக் கொடுங்கள். மிஞ்சுகிற காசை மெமரியில் போடுகிறேன். மெமரி இரண்டு சின்னதாக வேண்டாம், பெரியதாக ஒன்று. பக்கத்துத் துவாரம் காலியாக இருக்கட்டும், வருமானம் வந்ததும் நிரப்பிக்கொள்வேன். பழைய பவர் பெட்டி இந்தப் பாரத்தை இழுக்காது, அதில் மட்டும் மலிவு வேண்டாம். டப்பா, டிஸ்க், மானிட்டர், கீபோர்டு எல்லாம் பழையதே இருக்கும். பழுப்புத் துவாரம் இருக்கிறதா என்று போர்டை வாங்கிக் கண்ணால் பார்த்து, விரலால் தடவியும் பார்த்தார். பதினைந்தாயிரம் தாண்டவில்லை.

திரும்பும் ரயிலில் போர்டுப் பெட்டியை மலர்கொடிதான் மடியில் வைத்திருந்தாள். பிறந்த பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் கையில் வாங்கியவள் என்பதால் அழகேசன் மறுக்கவில்லை.

வாங்கிவைத்திருந்த கார்டைப் பூமாலை முழு விலைக்கு எடுத்துக்கொண்டான். அவன் போர்டில் அதற்கு இடம் இருந்தது. அதைப் பார்த்து வாங்கச் சொன்னவரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அழகேசன் பொத்தானை அமுக்கினார். ஐந்து தென்னை மரமும் இருந்தன. நாற்பது நிமிஷம். வானம் வந்தது, கைப்பிடிச்சுவர் வந்தது, ஜன்னலுக்கு மேல் நீண்ட பலகையும் அதன் நிழலும் வந்தன. வாசற்படியில் நிழல் சாய்ந்து விழுந்தபோது அழகேசன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். பதினெட்டு வருஷமாக அவர் போட்ட கோடுகளில் ஒன்றுக்கும் நிழல் விழுந்து அவர் பார்த்ததில்லை. கட்டிமுடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறார்தான். ஆனால் அவை கொத்தனாருடையவையாக, சொந்தக்காரருடையவையாக மாறிப்போயிருக்கும். இது மட்டும் அவர் மனசில் இருந்த மாதிரியே, இளம் சந்தன நிறச் சுவரும் செங்கல் நிறப் பட்டையுமாக நின்றது. யாரும் பக்கத்தில் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை வீரமுத்து வீட்டுப் புதுமனை புகுவிழா. பத்திரிகை இரண்டு நாளுக்கு முன்பே வந்திருந்தது.

படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போட்டு, பழுப்புக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். வீடு தூரத்திலிருந்தே தெரிந்தது. கிளிப்பச்சை. ஓரமெல்லாம் ரோஸ். நெற்றியில் ஒரு தாமரை. அழகேசன் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

“நடங்க. அளவெல்லாம் உங்களுதுதான்” என்று மலர்கொடி முழங்கையைத் தட்டினாள்.

கூடத்தில் சீர்வரிசைகளுக்கு நடுவே வீரமுத்து காகிதத்தைக் கிழித்தார். சுற்றிலும் கூட்டம். “அடேங்கப்பா! யார் வூடுப்பா இது?” என்றார் ஒரு பங்காளி. “காரு எப்ப வாங்கின?” என்றார் இன்னொருவர். “சொல்லியிருக்கு, வரும்” என்றார் வீரமுத்து கண்ணைச் சிமிட்டாமல்.

அவர் மனைவி இருசம்மாள் கையிலிருந்த பாயசச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். வாசலுக்குப் போய் வீட்டை அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“இது நம்ம வூடா?”

“நம்ம வூடுதான். தம்பி அப்பவே யோசிச்சு வச்சது” என்றார் வீரமுத்து.

“அப்ப ஏன் இது மாதிரி இல்ல?”

எல்லாரும் வீரமுத்துவைப் பார்த்தார்கள். பச்சைப் பெயிண்டைத் தேர்ந்தெடுத்தவர் வீரமுத்து. அழகேசன் பாயசத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் மூன்று பேர் அவரைத் தனித்தனியாக ஓரங்கட்டி, தங்கள் வீட்டுக்கும் அது மாதிரிப் படம் வேண்டும், வீடு கட்டுவதற்கு முன்னாலேயே வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் மூன்று வாரத்தில் கொடுத்தார். அந்த வருமானத்தில் காலியாக இருந்த துவாரத்தில் இரண்டாவது மெமரி ஏறியது. அதற்கு மட்டும் விசாரணை ஒரே வாரம்தான்.

பத்து நாள் கழித்து வீரமுத்து மாடியேறி வந்தார். இந்தத் தடவை இருசம்மாளும் கூட வந்தாள். “தம்பி, உங்களால எனக்கு ரெண்டு பெயிண்டு செலவு. படத்துல இருக்கற அதே கலரு வேணுமாம் இவளுக்கு. வந்து எடுத்துக் குடுங்க” என்றார்.

கீழே கடைத்தெருவில் பெயிண்ட் கடைக்காரர் வண்ண அட்டையை விரித்தார். சந்தன நிறத்திலேயே பன்னிரண்டு கட்டம் இருந்தது. அழகேசன் படத்தின் இன்னொரு பிரதியை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இதுல ஒரு சிக்கல் இருக்குங்கம்மா” என்றார் இருசம்மாளிடம். “திரையில இருந்த கலர் வேற, பேப்பர்ல அச்சானது கொஞ்சம் வேற. சுவத்துல பூசினா இன்னும் ஒரு மாதிரி தெரியும். வெயில்ல ஒண்ணு, நெழல்ல ஒண்ணு. திருச்சியில ஒரு கடையில கலர் கலக்கற மெஷின் வந்திருக்காம். போயி ஒரு வார்த்தை...”

இருசம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே விரலை நீட்டி, வரிசையில் நான்காவது கட்டத்தின் மேல் வைத்தாள். “இது.”

“அதுல மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கற மாதிரி...”

“இதுல எட்டு டின்னு எடுங்க” என்றாள் அவள் கடைக்காரரிடம்.

அழகேசன் அட்டையையும் படத்தையும் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். நிழலுக்கு நகர்ந்து பார்த்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கொஞ்சம் ஏமாந்த குரலில் சொன்னார்:

“சரியாத்தான் இருக்கு.”